தாணா தின்னாத பிள்ளைக்கு

கண்ணு,

நீ இப்போது ஹாலில் ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு நாலு வயது. இந்தக் கடிதம் அந்த நாலு வயதுக்காரனுக்கு இல்லை. மீசை முளைத்து, உன் சம்பாத்தியத்தில் நீ சாப்பிட்டு, என்றாவது ஒருநாள் "என்னை ஏன் அங்கே கொண்டுபோய் விட்டீங்க? விட்ட பிறகு ஏன் திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்கப்போகிற பெரிய ஆளுக்கு. நீ கேட்கும்போது எனக்கு வாய் வராது. நாலு பேர் இருக்கிற அறையில் என் பெயரைச் சொல்வதற்கே நான் தடுமாறுவேன். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். பல்லடத்தில் உன் அத்தை வீட்டிலிருந்து உன்னை ஹைதராபாத்துக்குக் கூட்டிவந்ததிலிருந்து நீ எதுவும் சாப்பிடவில்லை. பால் மட்டும் குடிக்கிறாய், அதுவும் அப்பா டம்ளரைப் பிடித்தால். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. உன் கழுத்தடியில் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டேன். என் கையால் நீ ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும். வேறு எதையும் நான் இப்போது நினைக்கவில்லை. அதற்கு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

உன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கோழிக்கு ஊசி போடும்" என்று சொல்ல உன் அத்தை உனக்குப் பழக்கிவிட்டிருக்கிறாள். சரிதான். என் அப்பாவும் அம்மாவும் பல்லடம் பக்கம் அடுத்தவர் கோழிப்பண்ணையில் கூலிக்கு இருந்தவர்கள். ஷெட்டை ஒட்டின அறையில் குடியிருந்து, அங்கிருந்தே பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்து முடித்து, கல்யாணமாகி, ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகரில் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து, வேலை தேடிப் போன இடமும் கோழி ஷெட்டாகவே அமைந்தது. ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி மையம். தரையெல்லாம் டைல்ஸ், வாசலில் காலை நனைத்துக்கொண்டு போக மருந்துத் தொட்டி, ஒவ்வொரு குஞ்சின் காலிலும் எண் போட்ட வளையம். வாசனை மட்டும் அதே வாசனை. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அங்கே நான் செய்வதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் உன்னிடம் நடந்துகொண்டது உனக்குப் புரியாது. பொரித்த அன்றே பிராய்லர் குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்துத் தனித்தனி அடைப்புகளில் விடுவோம். எல்லாவற்றுக்கும் ஒரே மக்காச்சோளம், ஒரே சோயாப் பிண்ணாக்கு. தீவனத்தில் கலக்கிற எண்ணெய் மட்டும் மாறும். ஓர் அடைப்புக்குப் பாமாயில், ஒன்றுக்குச் சூரியகாந்தி எண்ணெய், ஒன்றுக்கு மீன் எண்ணெய். தின்ற எண்ணெய் வெறுமனே எரிந்து போய்விடுவதில்லை கண்ணு. குஞ்சின் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிய உறை உண்டு, அந்த உறையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கிருமி வந்து தட்டும்போது அந்த உறையிலிருந்துதான் உடம்பு தன் கூப்பாட்டுக்கான சரக்கை எடுக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் வளர்ந்த உடம்பு உரக்கக் கத்தும். மீன் எண்ணெயில் வளர்ந்தது கொஞ்சம் அடக்கி வாசிக்கும். ரொம்பக் கத்தினால் குஞ்சு வளராது. எவ்வளவு கத்துகிறது, எந்த எண்ணெய் அதைத் தணிக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மீன் எண்ணெய் டப்பாவைத் திறந்த நாட்களில் என் துப்பட்டாவில் அந்த வீச்சம் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பெண்கள் ஜன்னலைத் திறப்பார்கள். நீ மட்டும் நான் கதவைத் திறந்ததும் ஓடிவந்து என் வயிற்றில் மூக்கை வைத்து, "சேப்பல வாசன!" என்று தெலுங்கில், மீன் வாசனையாம், கத்திச் சிரிப்பாய்.

குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஊசி போடுவோம். ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. செத்த கிருமியின் மேல்தோலில் இருந்து எடுத்த ஒரு துணுக்கு, அவ்வளவுதான். ஆனால் குஞ்சின் உடம்புக்கு அது தெரியாது. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று நம்பிவிடும். இடது உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து வயிற்றுப் பக்கம் ஊசியை ஏற்றிக் கீழே விட்டால், முதலில் சாதாரணமாக ஓடும். பிறகு நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரமாகப் போய் உட்காரும். தீவனத் தட்டு அலகுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும், திரும்பிக்கூடப் பார்க்காது. ஷெட்டில் வேலை செய்கிற யாதம்மா அதை எனக்குக் காட்டி, "இதி தாணா தினட்லேது மேடம்," என்பாள். தாணா என்றால் தீவனம். இது தீவனம் எடுக்கவில்லை என்கிறாள். நான் எழுதிக்கொள்வேன். அந்தக் குஞ்சைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, தனியாகச் சூடு காட்டக் கூடாது, அலகைப் பிரித்து ஊட்டக் கூடாது. செய்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். பார்க்கலாம், எடை போடலாம், எழுதலாம்.

குஞ்சு வீம்புக்குத் தின்னாமல் இருப்பதில்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. உள்ளே சண்டை நடக்கும்போது உடம்பே பசியை அணைத்துவிடுகிறது. வளர்ச்சிக்குப் போக வேண்டியதை எல்லாம் சண்டைக்குத் திருப்பிவிடுகிறது. சண்டை ஓய்ந்தால் தானாகத் தட்டைத் தேடி வரும்.

உனக்கு மூன்று வயது முடிந்ததும், போன ஜூனில், நம் தெருமுனைப் பிளேஸ்கூலில் சேர்த்தோம். நான் ஷெட்டுக்கும், அப்பா மல்லாபூரில் ஃபேக்டரிக்கும் போக வேண்டியிருந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே நீ 'நக்கோ' கற்றுக்கொண்டாய், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு. இட்லி? நக்கோ. பருப்புச் சாதம்? நக்கோ. அம்மா? அதற்கும் ஒருநாள் நக்கோ. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மழை பிடித்ததும் சிரிப்பு நின்றது. ஒரு காய்ச்சல் விட்டு நீ ரெண்டு நாள் பள்ளிக்குப் போவாய், அடுத்த காய்ச்சலோடு வருவாய். வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் எல்லாப் பிள்ளைகளும் படுக்கும். ஒரு சாயங்காலம் நான் உள்ளே வரும்போது நீ ஓடி வரவில்லை. இதே ஜன்னலுக்குக் கீழே, தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து உட்கார்ந்திருந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன். அந்த உட்காரல் எனக்குத் தெரிந்த உட்காரல்.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியும் என்று பெயர். ஆனால் என் தெலுங்கு முழுக்க ஷெட்டில் யாதம்மாவிடம் கேட்டுக் கற்றது. டாக்டர் "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டதும் எனக்குப் படபடப்பில் வாயில் வந்தது அதுதான்.

"பாபு தாணா தினட்லேது மேடம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "தாணாவா? பாபுக்கு தாணா பெடுதுன்னாரா மீரு?" குழந்தைக்குக் கோழித் தீவனமா போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்க, நர்ஸ் சிரிக்க, கதவருகே வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. டாக்டர் நல்லவர்தான். உன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பள்ளிக்குப் போகிற முதல் வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான், உடம்பு பழகிக்கொள்ளும், நாலு ஐந்து வயதில் சரியாகிவிடும் என்றார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது அப்பா கேட்டார்.

"அவன் என்ன கோழியா?"

"தெலுங்குல சாப்பாட்டுக்கு வேற வார்த்தை இருக்குதுங்க. அந்த நேரத்துக்கு வரலை."

"தமிழ்லயும் நீ அப்படித்தான் பாக்கற. நான் கவனிக்கறேன். அவனைப் பாக்கறப்ப உன்ற கண்ணு எடை போடுது."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மௌலா அலி மலையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உண்மையில் நான் எடைதான் போட்டுக்கொண்டிருந்தேன். உன் விலா எலும்பைக் குளிப்பாட்டும்போது விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வீடு முழுக்க ஓடுவார். கார்ட்டூன் போட்டு, நீ வாயைப் பிளக்கிற நொடியில் சோற்றைத் திணிப்பார். நீ வாந்தி எடுப்பாய். "உடம்பு வேண்டாங்குது, விடுங்க. ஓய்ஞ்சா தானாக் கேப்பான்," என்பேன். "கோழிக்குச் சொல்றதை எல்லாம் எம்புள்ளைக்குச் சொல்லாதே," என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. குஞ்சுக்கு ஒரே ஒரு ஊசி. உனக்கு ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது.

தீபாவளிக்கு உன் அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. எனக்கு நங்கையா. பல்லடத்தில் அவளும் மாமாவும் ஒரு பிராய்லர் ஷெட் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை. ஒரு கட்டைப் பையில் வீட்டு நெய், செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வரிசையாக வைத்தாள். உன்னைப் பார்த்ததும் சட்டையைத் தூக்கி முதுகைத் தடவினாள். அப்புறம் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மிணி, நீ எண்ணெயைப் பத்தித்தான படிக்கிற? இதுல எதைப் போட்டா புள்ளை திம்பான்? சொல்லு, இன்னைக்கே ஆரம்பிச்சரலாம்."

"அப்படியெல்லாம் இல்லைங்க நங்கையா. கோழி வேற, குழந்தை வேற."

"பின்ன என்னத்துக்குத்தான் படிக்கிறது?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காத. ஊர்ல எல்லாரும் உனக்குப் படிச்ச கொழுப்புங்கறாங்க. நான் சொல்லுவேன், அவளுக்கெங்க கொழுப்பு, பூராத்தையும் கோழிக்குப் போட்டுட்டான்னு," என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கரண்டியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்ற கூட அனுப்பி வையி. பள்ளிக்கோடம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சித்திரை வரைக்கும். உடம்பு தேறட்டும்."

வேலையை விட்டுவிட்டு உன்னோடு வீட்டில் இருக்கலாம் என்று நான் யோசிக்காமல் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு எது சரின்னு படுதோ செய். அப்பறம் என்னால விட்டேன்னு சொல்லக் கூடாது," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வேலை வேலையாக மட்டும் இல்லையே கண்ணு. அடுத்தவர் ஷெட்டில் கோழி எரு வாரிய என் அம்மா, மகள் வெள்ளைக் கோட்டு போட்ட போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதோடு, நான் வேறொன்றையும் அறிந்திருந்தேன். நங்கையா வீட்டில் பிள்ளைகள் இல்லை. தும்முவதற்கு ஆள் இல்லை. அங்கே உன் உடம்பு கொஞ்ச காலம் சண்டை இல்லாமல் இருக்கும். சரி என்றேன். செர்லபள்ளி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது நீ ஜன்னல் கம்பியில் வாயை வைத்து நக்கிக்கொண்டிருந்தாய். அத்தை உன் வாயைத் துடைத்தாள். நீ எனக்கு டாட்டா காட்டவில்லை, ரயிலுக்குக் காட்டினாய்.

நீ அங்கே சாப்பிட்டாய். முதல் மாதமே. வீடியோவில் உன் கன்னம் வரவர ஃபோன் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. "நெய்யி அம்மிணி, எல்லாம் நெய்யி," என்பாள் அத்தை. நான் ஆமாங்க என்பேன். நெய்யால் இல்லை, தும்முகிற பிள்ளைகள் யாரும் இல்லாததால் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ தின்றுகொண்டிருக்கும்போது அத்தை உன்னை என்னிடம் பேசச் சொல்வாள். "வேண்டாங்க, சாப்பிடட்டும்," என்பேன். குனிந்து தின்கிற உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஃபோன் சுவரில் சாய்ந்திருக்கும். சில நேரம் அத்தை அதை மறந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். நானும் வைக்காமல், காலித் தட்டையும் ஒரு ஈயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதற்குள் எங்கள் ஆராய்ச்சி முடிந்தது. மீன் எண்ணெய் தின்ற குஞ்சுகள் ஊசிக்குப் பிறகு மற்றவற்றைவிடச் சீக்கிரம் தட்டுக்குத் திரும்பியிருந்தன. மீட்டிங்கில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் சார் மட்டும், "ரொம்பக் குதிக்காதீங்க. இது பொய்யான எதிரி. நிஜமான கிருமி வரும்போது அடக்கி வாசிக்கிற உடம்பு தாமதமாக எழுந்தால் என்ன செய்வீங்க? அதையும் பார்க்கணும்," என்றார். எனக்கு அதில் சொல்ல ஒன்று இருந்தது. அந்தக் குஞ்சுகள் எப்படி உட்கார்ந்தன, எது முதலில் தலையைத் தூக்கியது என்று நான் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். கை தூக்கவில்லை. உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் கண்ணு, அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி: உனக்குத் தெரிந்ததை இருக்கிற இடத்தில் சொல்லிவிடு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். உன் அம்மாவைப் போல, இருபது வருஷம் கழித்துப் படிக்கப்போகிறவனுக்கு எழுதிக்கொண்டிருக்காதே. இன்னொன்று, சார் சொன்னதை நான் அடிக்கடி நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் கத்துகிறவனும் தேய்ந்து போகிறான், எதற்கும் கத்தாதவனும் மாட்டிக்கொள்கிறான். எவ்வளவு கத்த வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லு.

மே மாதம் உன்னைக் கூட்டிவரப் பல்லடம் போனோம். ஜூனில் பள்ளிச் சேர்க்கை, வயதும் நாலு, டாக்டரும் இனிப் பயமில்லை என்றார். இவையெல்லாம் காரணங்கள். நிஜத்தைச் சொன்னால், நீ இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் சாவி போட்டுத் திறக்க என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ஷெட்டுப் பக்கத்தில் நீ ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாய். கொழுகொழுவென்று, கறுத்துப்போய். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க," என்றாய். விருந்தாளியை அழைக்கிற மாதிரி, எவ்வளவு மரியாதையாக! நக்கோ எல்லாம் எங்கோ போயிருந்தது. பின்பு உள்ளே திரும்பி, "அம்மா! ஆரோ வந்திருக்காங்கொ!" என்று கூப்பிட்டாய்.

அத்தை வெளியே வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்துகொண்டேன். "நான் சொல்லிக் குடுக்கலை அம்மிணி," என்றாள் மெதுவாக. "பக்கத்து ஊட்டுப் புள்ளைக கூப்புடறதைப் பாத்து அவனாக் கூப்புட்டான். மாத்தணும்னு தான் இருந்தேன்." உன் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டே, "மாத்தலை," என்றாள்.

உன் துணிகளை அவள் முன்பே துவைத்து மடித்துப் பையில் வைத்திருந்தாள். உன்னை விட்டுவிட்டுப் போ என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருக்கலாம். அப்பா கிணற்றடியில் போய் நின்றுகொண்டு, "நீயே முடிவு பண்ணு," என்றார். நான் முடிவு பண்ணினேன். காரில் ஏற்றும்போது நீ கத்தினாய் பார், அந்த மாதிரிக் கத்தலை நான் எந்த ஷெட்டிலும் கேட்டதில்லை. மாமா உள்ளே போய் மோட்டாரைப் போட்டுவிட்டார், சத்தம் கேட்காமல் இருக்க. ரயிலில் இட்லியைத் தொடவில்லை. பிஸ்கட்டைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாய்.

இன்று காலை நங்கையாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"என்ன செஞ்சு போட்டா சாப்பிடுவானுங்க? அங்க என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்ன தெரியும் அம்மிணி? இங்க வந்தான், தின்னான். நான் ஒண்ணும் பண்ணலை. ரசஞ்சோறுதான்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசறீங்களா?"

"வேண்டாம்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "என்ற கொரலைக் கேட்டா அழுவான். நானும் அழுவேன். அப்பறம் என்ற தம்பி டிக்கெட் எடுத்துருவான். வெச்சுரு."

வைத்துவிட்டேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இப்போது உன் உடம்பில் எந்தக் கிருமியும் இல்லை, பொய்யானதுகூட இல்லை. நானே ஊசி. இதற்கு எந்த எண்ணெயையும் எந்த அடைப்பிலும் யாரும் போட்டுப் பார்த்ததில்லை. ஓய்ந்தால் தட்டைத் தேடி வரும் என்று குஞ்சுக்கு நான் அத்தனை நிச்சயமாகச் சொல்வேனே, உனக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஓயுமா என்று யாரைக் கேட்பது? உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நினைக்கிறேன். விட்டால் நீ சாப்பிடுவாய். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உன்னை இங்கே வைத்திருக்கிறேன் என்பதை நீ பெரியவனான பிறகு எப்படி எடுத்துக்கொள்வாயோ.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். மதியம் ஆகிவிட்டது. அப்பா ஷிஃப்டுக்குப் போய்விட்டார். வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் ரசம் வைத்து, சோற்றைக் குழைய வடித்து, உன் தட்டை உனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் தட்டோடு நானும் தரையில் உட்கார்ந்தேன். நேற்றிலிருந்து நானும் சாப்பிட்டிருக்கவில்லை. கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை, தந்திரமெல்லாம் இல்லை, எனக்குப் பேசத் தெம்பில்லை. ஒரு வாய் எடுத்தேன். நீ பார்த்தாய்.

"ஹைதராபாத் அம்மா," என்றாய்.

அங்கே ஓர் அம்மா இருப்பதால் இங்கே இருப்பவளுக்கு ஊர் சேர்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறாய். எப்போது யோசித்து வைத்தாயோ.

"என்ன கண்ணு?"

"பசிக்குது."

நகர்ந்து வந்தேன். பிசைந்தேன். முதல் வாய் வாங்கினாய். இரண்டாவதும் வாங்கினாய். மூன்றாவதை வாயில் வைத்தவன் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி, மெல்லாமல் இருந்தாய். உன் தாடைக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்தேன். அதில் துப்பினாய்.

"சுடுது," என்றாய். "ஊதிக் குடு."

ஊதினேன்.